முள்ளுக்கரண்டி ஓய்ந்த நேரம்

அவருடைய இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருந்தது. ஒரு நெத்திலி நீளம்தான் இருக்கும். அது எப்படி வந்தது என்று நான் முதலில் கேட்டபோது, றொசல்லப் பக்கம் பனி மூட்டத்தில் லொறியை விட்டு இறங்கியதாகவும், ஒரு சிறுத்தை கையை வீசியதாகவும் சொன்னார். நான் நம்பினேன். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் போய்ச் சொன்னேன், அவர்களும் நம்பினார்கள். கொஞ்ச நாள் கழித்து வேறு யாரோ கேட்டபோது, லொறியை முறுக்கி ஸ்டார்ட் பண்ணுகிற கம்பி எகிறி அடித்தது என்றார். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். ஒரு கூச்சம் இல்லை அந்த மனிதருக்கு. பிறகொரு நாள், அது சம்சாரம் அகப்பையால் போட்டது என்றார்.

"எதுண்ணே நெசம்?"

"நீ என்னைக்குக் கேட்டியோ அன்னைக்குச் சொன்னது நெசம் தங்கச்சி."

"அப்ப மத்ததெல்லாம் பொய்யா?"

"அதெப்படிப் பொய்யாகும்? அதுவும் அன்னைக்கு நெசந்தானே."

இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றித்தான் இந்த வயதில் என்னிடம் வந்து, "நடந்தது என்ன, சரியாகச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் என் வாயில் ஒரு பேச்சுத்தான் வரும். அதனால்தான் என்னிடம் வந்தார்கள் போலிருக்கிறது.

அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து லொறி டிரைவர். தோட்டம் முழுக்க அவரை டைவர் என்றுதான் கூப்பிடும். எனக்கு டைவரண்ணன். கொழுந்து ஏற்றுவார், உர மூட்டை ஏற்றுவார், தேயிலைப் பெட்டியை ஹட்டன் ஸ்டேசனில் இறக்குவார். ஹட்டனுக்கும் எங்கள் தோட்டத்துக்கும் இருப்பது ஒரே ரோடு. அதிலும் ஒரு நாள் போன மாதிரி மறுநாள் போகமாட்டார். ஒரு நாள் ஆற்றங்கரையில் நிறுத்தி முகம் கழுவுவார், ஒரு நாள் மேட்டில் நிறுத்திச் சும்மா நிற்பார். "ஏன் லேட்டு?" என்று வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா சத்தம் போட்டால், "ரோடு மாறிப்போச்சுங்க" என்பார். ஒரே ரோடு எப்படி மாறும்? கண்டாக்கு ஐயா குழம்பிப் போய் நிற்பார், அதற்குள் லொறி போய்விடும்.

நான் துரைமார் கிளப்பில் வேலை செய்தேன். மலை உச்சியில் இருந்தது அந்தக் கிளப். வெள்ளைத் துரைமாரின் கடைசிக் காலம் அது. சனிக்கிழமை சாயந்தரமானால் சுற்றியிருக்கிற தோட்டங்களிலிருந்தெல்லாம் துரைமாரும் துரைசாணிமாரும் கார் போட்டு வருவார்கள். நான் குசினியில் பீங்கானும் கண்ணாடிக் குவளையும் கழுவுகிறவள். அதைச் சொல்ல எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் கழுவிய குவளையில் கறை இருந்தது என்று எந்தத் துரைசாணியும் சொன்னதில்லை. சுடுதண்ணியில் அலசி, வெள்ளைத் துணியால் துடைத்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துத்தான் வைப்பேன்.

குசினிக்கும் பெரிய மண்டபத்துக்கும் நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரில் பலகைக் கதவு போட்ட சின்ன ஜன்னல் ஒன்று. சாப்பாடு அந்த வழியாகப் போகும், எச்சில் பீங்கான் அந்த வழியாக வரும். குசினி ஆட்கள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது கட்டளை. ஆகவே நான் அங்கே வேலை செய்த காலம் முழுக்க, அந்த மண்டபத்தில் யார் ஆடினார்கள், யார் பாடினார்கள் என்று ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை. காதால் கேட்டதுதான்.

கொழும்பிலிருந்து ஒரு பறங்கிக்காரர் வருவார். மாஸ்டர் என்போம். அவர் சாக்ஸ் என்கிற வளைந்த குழல் ஊதுகிறவர். பியானோக்காரர், மேளக்காரர் என்று இன்னும் சிலர் கூடவே வருவார்கள். ரயிலில் வந்து ஹட்டனில் இறங்குகிறவர்களை டைவரண்ணன்தான் லொறியில் ஏற்றி வருவார். மாஸ்டர் நல்ல மனிதர். என்னைக் கண்டால் "ஹலோ மிஸ்" என்று தொப்பியைத் தூக்குவார். லயத்துப் பிள்ளைக்கு யார் தொப்பி தூக்குவார்கள்? ஆனால் குடி. முதல் பாதி ஒழுங்காக ஊதுவார். இடைவேளைக்குக் குசினிப் பக்கம் வந்து, சாராயத்தில் கலக்க எலுமிச்சை பிழிந்த தேசிக்காய்த் தண்ணி கேட்பார். கேட்டார் என்றால் முடிந்தது. குடித்துவிட்டு ஸ்டோரில் அரிசி மூட்டை மேல் சாய்ந்துவிடுவார், அப்புறம் எழுப்ப முடியாது.

முதன் முதலில் அப்படி ஆன அன்று பியானோக்காரர் குசினிக்குள் ஓடிவந்து தலையில் கையை வைத்தார். துரைமார் அங்கே கை தட்டிக் கூப்பிடுகிறார்கள். எங்கள் சமையல்காரர் வலப்பனைச் சிங்களவர், நாங்கள் அப்பு என்போம். அப்பு, டைவரண்ணனைப் பார்த்தார். டைவரண்ணன் கதவோரம் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"டைவர், நீ ஊதுறதுதானே? ஆத்தங்கரையில ஊதுறது நான் கேட்டேன்."

"அது சும்மா, மாஸ்டர் தூங்குறப்ப எடுத்துப் பாக்குறது."

"இப்பவும் மாஸ்டர் தூங்குறதுதானே? போ, போ."

"என்னயப் பாத்தா துரைமாருக்குத் தெரியாதா அப்பு?"

"கோட்டு போட்டுப் போ. அவங்க கோட்டுத்தான் பாக்குறது, ஆள் பாக்குறது இல்ல."

மாஸ்டருடைய கறுப்புக் கோட்டைக் கழற்றி டைவரண்ணனுக்குப் போட்டுவிட்டார்கள். கைப்பக்கம் அவருக்குக் குட்டையாக இருந்தது. பின்னாலிருந்த மங்கிய வெளிச்சத்தில் போய் நின்று ஊதினார். துரைமார் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

அன்று எங்களுக்கு வேறொரு பயம் பிடித்தது. மீன் கட்லட் பொரித்துப் பொரித்து ஜன்னல் வழியாக அனுப்புகிறோம், பீங்கான் போன மாதிரியே திரும்பி வருகிறது. ஒருவரும் தொடவில்லை. அப்புவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒன்றை எடுத்துக் கடித்தார். "மொகத மே? என்ன இது? உப்பு கூடினதா?" எனக்கு ஒன்றைக் கொடுத்தார். நல்லாத்தான் இருந்தது. பிறகு என் மேல் பாய்ந்தார். "நீ பீங்கான்ல சவுக்காரம் வச்சு அனுப்பினதா?" எனக்கு வந்ததே கோபம். நான் கழுவின பீங்கானிலா சவுக்காரம்? மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள் என்று அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். கட்லட் கெட்டுவிட்டது, வேலை போச்சு என்று இரண்டு பேரும் நடுங்கினோம்.

ஜன்னல் பக்கம் போய்க் காது கொடுத்த பிறகுதான் விளங்கியது. மாஸ்டர் ஊதும்போது பாட்டுக்கு அடியில் முள்ளுக்கரண்டி பீங்கானில் தட்டுகிற சத்தம் ஓயாமல் கேட்கும், மழை பிடித்த தகரம் மாதிரி. அன்று ஒரு கரண்டிச் சத்தம் இல்லை. குழல் மட்டும். திங்க மறந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு குசினியில் ஒரு வழக்கம் வந்தது. மாஸ்டர் தேசிக்காய்த் தண்ணி கேட்டுச் சாய்ந்தால், அப்பு சத்தம் போடுவார்: "அடுப்பு தணி! அடுப்பு தணி!" இனிக் கட்லட் போகாது, எண்ணெய் வீணாக வேண்டாம் என்று அர்த்தம். திரும்பி வந்ததை நாங்கள் தின்போம். துரைமாரின் கட்லட்டை நான் நிறையத் தின்றிருக்கிறேன், எல்லாம் டைவரண்ணன் புண்ணியம்.

அவர் எங்கே கற்றார் என்று எனக்குத் தெரியாது. கேட்டேன், கேட்காமல் இருப்பேனா? மிஷன் கோயில் சாமியார் ஒருவர் சின்ன வயதில் குழல் பழக்கினார் என்றார். இன்னொரு நாள், பட்டாளத்தில் பேண்டு வாத்தியத்தில் இருந்தேன் என்றார். இன்னொரு நாள் சொன்னதுதான் நல்ல கதை. மாஸ்டர் லொறியில் பின்னால் உட்கார்ந்து ஊதிப் பழகிக்கொண்டு வருவாராம், இவர் கண்ணாடியில் அவர் விரலைப் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டாராம். "கண்ணாடியில பாத்ததால எனக்கு எடது கை வேல எல்லாம் வலது கைக்கு வந்திருச்சு தங்கச்சி" என்றார். அது உண்மையா என்று பார்க்க நான் மண்டபத்துக்குள் போனதில்லையே.

ஒன்று மட்டும் எல்லா நாளும் ஒரே மாதிரி. ஊதியதைத் திரும்ப ஊதமாட்டார்.

"போன கெழம ஒண்ணு ஊதுனீங்களே, கடைசீல இறங்கி இறங்கிப் போச்சே, அத ஊதுங்கண்ணே" என்று கேட்டால், "அது போன கெழமைக்கு" என்பார். அப்பு கெஞ்சினால், "அதுவா? மறந்துட்டேன் அப்பு" என்பார். மறந்ததோ மறைத்ததோ.

எங்கள் அப்பா செத்த அன்று நான் கேட்காமலேயே வந்தார். மாஸ்டர் அந்த வாரம் குழல் பெட்டியைக் கிளப்பிலேயே விட்டுப் போயிருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு வந்து, தப்பு அடிக்கிறவர்களுக்குப் பின்னால் நடந்து, லயத்திலிருந்து மயானம் வரைக்கும் ஊதினார். தப்புக்காரர்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு அவர்களே அடியைக் குறைத்து அவருக்கு இடம் விட்டார்கள். தேயிலைக்குள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பொம்பளைகள் நிமிர்ந்து நின்றார்கள். எங்கள் அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மனிதர். கத்தியைத் தவிர எதையும் பெரிதாக மதிக்காதவர். அந்தக் குழலில் அவர் நடை கேட்டது எனக்கு. ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பாரே, அந்த நடை.

கருமாதி அன்று டைவரண்ணனிடம் சொன்னேன்: "அண்ணே, அன்னைக்கு ஊதுனத இன்னொருக்கா ஊதுங்க. ஊர்லேந்து சொந்தக்காரங்க வந்திருக்காங்க, அவங்க கேக்கல."

"அது முடியாது தங்கச்சி."

"ஏன் முடியாது? குழல் இருக்கு, நீங்க இருக்கீங்க."

"உங்கப்பா இல்லையே."

எல்லோருக்கும் முன்னால் அப்படிச் சொன்னார். எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு பாட்டை ஊத இவ்வளவு கிராக்கியா என்று அந்த மழைக்காலம் முடியும் வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை. அவர் ஊதிய அன்றைக்கெல்லாம் கட்லட் திரும்பி வந்தது. நான் தொடவில்லை, அப்புவே தின்றார். பிறகு எப்படியோ பேச்சு வந்துவிட்டது. அவரோடு பேசாமல் இருப்பது கஷ்டம். இன்றைக்கு என்ன புளுகுவார் என்று கேட்க ஆசையாக இருக்கும்.

கொஞ்ச காலத்தில் துரைமார் போனார்கள். தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. கிளப் பூட்டப்பட்டது. அடுத்த அடைமழையில் ஒரு வளைவில் லொறி சறுக்கி டைவரண்ணன் போய்விட்டார். சம்சாரத்தின் இடுப்பில் ஒரு பொட்டைப் பிள்ளை, பேச்சு வராத வயசு. அது ஸ்டெல்லா.

அந்த ஸ்டெல்லாதான் போன மாதம் என்னைத் தேடி வந்தாள். அவளுக்கே பேரன் இருக்கிறான் இப்போது. நுவரெலியாவில் ஒரு பெரிய ஹோட்டலில் சாப்பாட்டு மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிறாள், இங்கிலீசு நன்றாகப் பேசுவாள். வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே போனைக் கையில் எடுத்தாள்.

"அத்தை, இதக் கேளுங்க."

குழல் சத்தம். என் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே, எத்தனையோ வருசத்துக்குப் பிறகு.

விசயம் இதுதான். கிளப்புக்கு வந்த துரைமாரில் ஒருவரிடம் சத்தம் பிடிக்கிற மெசின் இருந்தது. பெரிய உருளைகள் சுற்றும், பலகைக் கதவு திறக்கும்போது பார்த்திருக்கிறேன். கரண்ட் பிளக் குசினி ஜன்னல் பக்கம்தான் இருந்தது, ஆகவே மெசினை அந்த ஜன்னல் ஓரத்து மேசையில்தான் வைப்பார். அந்தத் துரை சீமையில் செத்த பிறகு, அவர் வீட்டு மேல்மாடியில் கிடந்த உருளைகளை யாரோ ஒரு கம்பனிக்காரர் வாங்கி, இப்போது ரெக்கோடாகப் போட்டிருக்கிறார்கள். உலகமெல்லாம் விற்கிறதாம். ஸ்டெல்லா வேலை செய்கிற ஹோட்டலிலேயே சாப்பாட்டு நேரத்தில் போடுகிறார்கள். ஒரு நாள் அட்டையைப் பார்த்திருக்கிறாள். எங்கள் கிளப்பின் பெயர் இருந்தது. மாஸ்டருடைய படம் இருந்தது. எல்லாப் பாட்டும் மாஸ்டர் ஊதியது என்று இருந்தது.

"எங்கம்மா சாகுற வரைக்கும் சொன்னாங்க அத்தை, உங்கப்பாவும் அங்க ஊதுனாருன்னு. நான் கம்பனிக்காரருக்கு எழுதுனேன். நல்ல மனுசன், பதில் போட்டாரு. அங்க இருந்த யாராவது இன்னின்ன பாட்டு அவரு ஊதுனதுன்னு அடையாளம் காட்டுனா, அடுத்த தடவ அடிக்கிறப்ப பேரப் போடுறேன்னாரு. இப்ப உசுரோட இருக்கிறது நீங்க மட்டுந்தான்."

அப்பாவுடைய ஒரு போட்டோகூட இல்லை அவளிடம். லைசன்சில் இருந்த படமும் லொறியோடு நனைந்து அழிந்துவிட்டது. அவளுக்கு வேண்டியது அந்த அட்டையில் ஒரு பெயர். அவ்வளவுதான்.

நான் கண்ணை மூடிக் கேட்டேன். குழலைக் கேட்டு ஆளைச் சொல்ல என்னால் முடியாது. ஒரு தடவை ஊதியதை மறுதடவை ஊதாத மனிதரை எந்தப் பாட்டை வைத்துச் சொல்வது? நான் அடியில் கேட்டேன். முள்ளுக்கரண்டி இருக்கிறதா என்று கேட்டேன்.

முதல் பாட்டில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. கடைசி வரைக்கும் ஒரு பாட்டிலும் இல்லை.

"ஸ்டெல்லா, எல்லாம் உங்கப்பாதான்!"

"எல்லாமா?"

"எல்லாந்தான். சத்தியமா. ஒருத்தன் ஒரு வாய் திங்கலயே!"

காரணத்தைச் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். உடனே போனில் அந்தக் கம்பனிக்காரரைக் கூப்பிட்டாள். போனிலேயே முகம் தெரிய வந்தார், செம்பட்டைத் தாடி. ஸ்டெல்லா இங்கிலீசில் சொல்லச் சொல்ல, முதலில் தலையை ஆட்டினார், பிறகு ஆட்டுவதை நிறுத்தினார். ஏதோ சொன்னார். ஸ்டெல்லாவின் முகம் வாடிவிட்டது.

"என்னவாம்?"

"பீங்கான் சத்தம், கரண்டிச் சத்தம், ஆளுங்க பேச்சு எல்லாத்தையும் மெசின் வச்சுத் தொடைச்சு எடுத்துட்டாங்களாம் அத்தை. பாட்டு மட்டும் சுத்தமாக் கேக்கணும்னு."

சத்தத்தைத் துடைக்க முடியுமா? துடைத்து எங்கே போடுவார்கள்?

"நான் கழுவுன பீங்கானோட சத்தத்தத் தொடைக்க இவன் யாருன்னு கேளு."

"அப்படியெல்லாம் கேக்க முடியாது அத்தை."

"கேளுடி. அழுக்குன்னு நெனச்சானா?"

என்ன கேட்டாளோ தெரியாது. அந்த மனிதர் சிவந்துபோய், கையைக் கூப்பிக் கும்பிட்டார். துடைக்காதது அப்படியே இருக்கிறது, அனுப்புகிறேன் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா அதைக் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் வாசலில் வெயில் விழுகிற இடத்தில் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்தோம். போட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் எங்கள் குசினி. குழாய்த் தண்ணி விழுகிறது. எண்ணெய் பொரிகிறது. பலகைக் கதவு கிறீச்சென்று திறக்கிறது. யாரோ ஒரு குமரி வெட்கமில்லாமல் சிரிக்கிறாள்.

"யாரு இந்தக் குரங்கு, இப்படிச் சிரிக்குது?"

"அத்தை, அது நீங்க. இப்பவும் அப்படித்தான் சிரிக்கிறீங்க."

நான் நம்பவில்லை. இன்னும் முழுசாக நம்பவில்லை.

முள்ளுக்கரண்டி இருந்தது. பாட்டுக்குப் பாட்டு, மழை பிடித்த தகரம் மாதிரி. இது மாஸ்டர், இதுவும் மாஸ்டர் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஸ்டெல்லாவின் உதடு ஒட்டிப்போனது. அப்புறம் ஒரு பாட்டு தொடங்கியது. அது தொடங்குவதற்குச் சற்று முன்னால் அப்புவின் குரல்: "அடுப்பு தணி! அடுப்பு தணி!" எண்ணெய்ச் சத்தம் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் கரண்டிகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. குழல் மட்டும் மிஞ்சியது.

"இது உங்கப்பா."

அவள் முந்தானையால் போனைத் துடைத்தாள், சாமி படத்தைத் துடைக்கிற மாதிரி.

அதற்கு அடுத்து இரண்டு பாட்டு தள்ளி இன்னொன்று. அது வந்ததும் ஸ்டெல்லா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அத்தை, இதுதான். இதத்தான் எல்லாரும் பெருசாச் சொல்றாங்க. எங்க ஹோட்டல்ல தெனமும் போடுறது. நான் அங்க எல்லாருக்கும் எங்கப்பான்னு சொல்லிட்டேன்."

"உங்க ஹோட்டல்ல இது போடுறப்ப திங்கிறாங்களா?"

"நல்லாத் திங்கிறாங்க அத்தை."

எனக்கு மறுபடியும் குழப்பம். ஆனாலும் காதைக் கொடுத்தேன். கரண்டி குறைந்தது. குறைந்து, குறைந்து, அற்றுப் போனது. அப்படி ஒரு ஊதல். மலை இறங்கி ஆற்றில் கால் நனைத்துத் திரும்ப ஏறுகிற மாதிரி. "உங்கப்பாதான்" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

எண்ணெய் இன்னும் பொரிந்துகொண்டிருந்தது. அப்பு அடுப்பைத் தணிக்கச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

பலகைக் கதவு கிறீச்சென்றது. பீங்கான்கள் திரும்பி வந்து வைக்கப்படுகிற சத்தம். அப்புறம், மெசினுக்குப் பக்கத்திலேயே, வாயில் எதையோ மென்றுகொண்டு ஓர் ஆம்பளைக் குரல்:

"இன்னொரு கட்லட் வை தங்கச்சி. இன்னைக்கு ஒருத்தனும் திங்கமாட்டான்."

உடனே அந்தக் குமரி சிரிக்கிறாள்.

எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. அன்று மாஸ்டர் தேசிக்காய்த் தண்ணி கேட்கவில்லை. அவருக்கு என்ன வந்ததோ, யார் கண்டது, குடிக்காமல் நின்று ஊதினார். நாங்கள் கட்லட்டைப் பொரித்துக் குவித்துவிட்டோம், எல்லாம் திரும்பி வந்தது. டைவரண்ணன் ஜன்னலோரம் என் பக்கத்தில் நின்று தின்றுகொண்டே கேட்டார். கண்ணில் தண்ணி நின்றது. மிளகாய் காரம் என்றார்.

"யாரு அத்தை இது பேசுறது?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். யாரோ வேலைக்காரன் என்று சொல்லியிருக்கலாம். டைவரண்ணனாக இருந்தால் இந்த இடத்தில் மூன்று கதை சொல்லியிருப்பார், மூன்றும் அன்றன்றைக்கு உண்மையாக இருந்திருக்கும். எனக்கு இருப்பது ஒரு வாய்.

"அதான் உங்கப்பா."

அவளுக்கு முதலில் ஓடவில்லை. போனைக் காதோடு வைத்துக்கொண்டாள். பிறகு மெல்லத் திரும்பினாள்.

"அப்பா இங்க பேசுறாருன்னா... அப்ப அங்க ஊதுறது?"

"மாஸ்டர்."

அவள் பாட்டை நிறுத்தினாள்.

"இந்தப் பாட்டுத்தான் அத்தை எல்லாருக்கும் தெரிஞ்சது. மத்தது எதையும் யாரும் போடுறதில்ல. நம்ம ரெண்டு பேருக்குள்ள இருந்துட்டா யாருக்குத் தெரியும்?"

"ரெக்கோட்லயே சொல்றாரேடி."

"தமிழ் யாருக்கு வெளங்கப் போவுது?"

"உனக்கு வெளங்குதே."

அவள் கோபமாக எழுந்து போய் வாசல் கேட்டடியில் நின்றாள். மாஸ்டர் ஊதினாலும் கரண்டி ஓயும் என்றால் என் அடையாளத்துக்கு என்ன மதிப்பு? முதலில் காட்டிய பாட்டும் பிழையாகிவிடுமா? இல்லை, அதில் அப்பு அடுப்பைத் தணிக்கச் சொல்கிறார். மாஸ்டர் சாயாமல் அப்பு அப்படிச் சொன்னதே இல்லை. அது ஒன்று நிற்கிறது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கேட்டடியிலிருந்து அந்தக் குரல் மறுபடி கேட்டது. "இன்னொரு கட்லட் வை தங்கச்சி." அவள் பாட்டைப் போடவில்லை. அந்த இடத்தை மட்டும் தேடிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து என் முன்னாலேயே கம்பனிக்காரரைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னாள். அடுப்பைத் தணித்த பாட்டு அப்பாவுடையது, பெயரைப் போடுங்கள். பேர் போன பாட்டு மாஸ்டருடையதே. செம்பட்டைத் தாடிக்காரர் எழுதிக்கொண்டார். அப்புறம் அவள் தயங்கி இன்னும் ஏதோ கேட்டாள். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"என்ன கேட்ட?"

"அந்தப் பாட்டுல எல்லாத்தையும் தொடைங்க, அந்தக் குரல மட்டும் தொடைக்காதீங்கன்னு கேட்டேன். அது என்ன சொல்லுதுன்னு கேக்குறாரு."

"என்ன சொன்ன?"

"கட்லட் கேக்குறாருன்னு சொன்னேன்."

அந்த வெள்ளைக்காரர் சிரிக்கவில்லை. குரலைத் துடைக்காமல் விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனிலிருந்து மறைந்தார்.

வெயில் இறங்கிவிட்டது. ஸ்டெல்லா பெஞ்சில் என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, போனை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். மறுபடி போட்டாள். மறுபடி. ஒரு எழுத்து மாறவில்லை. மெல்லுகிற சத்தம்கூட அதே இடத்தில் வந்தது. சொன்னதைத் திரும்பச் சொல்லாத மனிதர், எங்கள் அப்பாவுக்காகக்கூட இன்னொரு தடவை ஊதாத மனிதர், இப்போது மகள் கேட்கக் கேட்க அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். இது அவர்தானா என்று எனக்கு ஒரு கணம் சந்தேகம் வருகிறது. அடுத்த கணம் அவரேதான்.

"இன்னொருக்கா போடவா அத்தை?"

"போடு."

"இன்னொரு கட்லட் வை தங்கச்சி" என்றார். என் கை மடியிலிருந்து எழுந்து, இல்லாத பீங்கானைத் தேடிற்று.